பெயர் அதேதான், ஆட்டம் வேறு!

தொடர்கதை படிக்கும் பழக்கமுள்ள நேயர்களுக்கு ஒரு விஷயத்தை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கதையோடு வாரா வாரம் பழகிவிட்டால், அந்தக் கதை நமக்குச் சொந்தமாகிவிடுகிறது. எழுதுகிறவர் யாரோ, அச்சடிக்கிறவர் யாரோ. ஆனாலும் கதாநாயகி திடீரென்று குணம் மாறிவிட்டால், "இவள் இப்படிச் செய்யக்கூடியவளே அல்ல!" என்று தீர்ப்புச் சொல்லும் பாத்தியதை நமக்கு வந்துவிடுகிறது. நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்த பிறகுதான் மனசு ஆறுகிறது.

இப்போது இப்படி ஒரு தொடரை நினைத்துப் பாருங்கள். ஒரே தலைப்பில் முப்பத்தாறு வருஷம் வந்திருக்கிறது, பதினாறு பாகங்கள். பாகத்துக்குப் பாகம் நாயகன் வேறு, ஊர் வேறு, உலகமே வேறு. அது மட்டுமா? படிக்கும் முறையே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. முதல் பாகங்களைச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சாவகாசமாகப் படிக்கலாம். கடைசிப் பாகத்தை ஓட்டமும் நடையுமாகத்தான் படித்தாகவேண்டும். அட்டையில் பெயர் மட்டும் அன்றைக்கு இருந்த அதே பெயர்.

இது கற்பனை அல்ல. ஜப்பான் தேசத்தில் 1987-இல் பிறந்து 2023-இல் பதினாறாவது பாகத்தைக் கண்ட 'ஃபைனல் ஃபாண்டஸி' என்ற வீடியோ விளையாட்டின் சரித்திரம் இதுதான். "விளையாட்டுச் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஓர் அபிமானி இருக்கலாம். பிள்ளையாக இருக்கலாம், பெண்ணாக இருக்கலாம், பிள்ளையின் தகப்பனாராகவே இருக்கலாம். புதுப் பாகம் வந்த அன்று சந்தோஷப்படுவதற்குப் பதிலாக அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், காரணம் இன்னதென்று தெரிந்துகொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது அல்லவா?

காத்திருக்கும் பூதம்

'ரோல் பிளேயிங் கேம்' என்று இந்த வகை விளையாட்டுக்குப் பெயர். வேஷம் போட்டுக்கொண்டு ஆடும் ஆட்டம். திரையில் தெரியும் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ நாம் இருந்துகொண்டு, ஊர் ஊராகப் போய், பூதங்களோடு போராடி, பலமும் ஆயுதமும் சேர்த்து, கடைசியில் உலகத்தை ஆட்டி வைக்கும் துஷ்டனை ஒழித்துக் கட்டவேண்டும். பாட்டி சொன்ன ராஜகுமாரன் கதைக்குள் நாமே இறங்கிவிட்ட மாதிரி. ஒரு நாளில் முடிகிற சங்கதியும் அல்ல, வாரக்கணக்கில் ஓடும்.

முதல் பாகத்தில் நம்மோடு நாலு பேர் புறப்படுவார்கள். நால்வருக்கும் பெயர் வைப்பது நாம்தான். போர்வீரன், திருடன், மல்லன், மூவகை மந்திரக்காரர்கள் என்று ஆறு தொழில்களில் யாருக்கு எதைக் கொடுப்பது என்பதும் நம் இஷ்டம். காயம் ஆற்றுகிறவர் ஒருவரும் இல்லாமல் நாலு முரடர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், பாதி வழியில் மருந்துக்குத் திண்டாட்டம். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

சண்டை வந்தால் என்ன நடக்கும்? எதிரிகள் ஒரு பக்கம், நம்மவர் நால்வர் ஒரு பக்கம் அசையாமல் நிற்பார்கள். திரையின் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு ஜாபிதா இருக்கும்: வெட்டு, மந்திரம் போடு, மருந்து கொடு, ஓடிப் போ. ஒவ்வொருவருக்கும் யோசித்து ஓர் உத்தரவு கொடுக்கவேண்டும். கொடுத்து முடிக்கிற வரையில் பூதம் காத்திருக்கும். அடுப்பில் பால் பொங்குகிறதா? போய் இறக்கி வைத்துவிட்டு வரலாம். வாசலில் தபால்காரர் கூப்பிடுகிறாரா? கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். மரியாதை தெரிந்த பூதம். வைத்த இடத்தில் இருக்கும்.

தாயமும் பல்லாங்குழியும் ஆடியவர்களுக்கு இதில் உள்ள ருசி தெரியும். அவரவர் முறை வரும்போது அவரவர் யோசிக்கலாம். ஜெயிப்பது விரலின் வேகம் அல்ல, கணக்கு. இதை 'முறை வைத்து ஆடுவது' என்று சொல்வோம். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மனஸ்தாபம் முழுவதும் இதைச் சுற்றித்தான்.

ஒரு கடைசி முயற்சி

ஜப்பானில் இந்த வகைக்கு வழி காட்டியது 1986-இல் எனிக்ஸ் கம்பெனி வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்'. யூஜி ஹோரி கதையையும் ஆட்டத்தையும் வகுத்தார். அகிரா டோரியாமா பூதங்களுக்கு உருவம் கொடுத்தார். மறு வருஷம், டிசம்பர் மாதத்தில், ஸ்கொயர் என்ற இன்னொரு கம்பெனியிலிருந்து ஹிரோனோபு ஸகாகுச்சி என்ற இளைஞர் 'ஃபைனல் ஃபாண்டஸி'யைக் கொண்டுவந்தார். இதுவும் எடுபடாவிட்டால் தொழிலை விட்டுவிட்டுக் கல்லூரிக்கே திரும்பிவிடுவது என்ற எண்ணத்தோடு அவர் இதில் இறங்கினாராம். கல்லூரிக்குத் திரும்பவேண்டிய அவசியம் ஏற்படவில்லை!

நோபுவோ உயெமாட்சு சங்கீதம் அமைத்தார். யோஷிடாகா அமானோ சித்திரம் தீட்டினார். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் துவக்க விழாவில் தேச தேசமாக வீரர்கள் அணிவகுத்து வந்தபோது பின்னணியில் வாத்திய இசை முழங்கியதே, நினைவிருக்கிறதா? அதில் ஜப்பானிய வீடியோ விளையாட்டுகளின் மெட்டுக்கள் இருந்தன. டிராகன் குவெஸ்ட் மெட்டும் உண்டு, ஃபைனல் ஃபாண்டஸியின் வெற்றி முழக்கமும் உண்டு. ஆகவே, விளையாட்டைப் பார்க்காதவர்கள்கூட அதன் நாதத்தைக் கேட்டிருக்கலாம்.

டிராகன் குவெஸ்ட் சொந்த வீட்டில் நாற்காலியைக்கூட இடம் மாற்றாத பெரியவர் மாதிரி. 2017-இல் வந்த பதினோராவது பாகத்திலும் பூதம் தன் முறைக்காகக் காத்துக்கொண்டுதான் நின்றது. ஃபைனல் ஃபாண்டஸியோ பிறக்கும்போதே வாடகை வீட்டு ஜாதகம். 1988-இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே பழைய நால்வரையும் அவர்கள் உலகத்தையும் அப்படியே விட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டது. வழக்கமாகப் போடும் 'நிலை உயர்வு'க் கணக்கையும் எடுத்துவிட்டார்கள். கத்தி பிடிக்கப் பிடிக்கக் கத்தி வித்தை வளரும், மந்திரம் போடப் போட மந்திரம் வளரும் என்று ஆக்கினார்கள். 1990-இல் மூன்றாம் பாகம். அதில் தொழிலை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

1991-இல் நாலாம் பாகம் வந்தபோது பூதம் காத்திருப்பதை நிறுத்தியது! ஹிரோயுகி இட்டோ என்பவர் செய்த ஏற்பாடு அது. மோட்டார் பந்தயத்தில் கார்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போவதைப் பார்த்தபோது உதித்த யோசனை என்று சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் சுறுசுறுப்புக்குத் தகுந்தபடி முறை வரும். நாம் ஜாபிதாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தால் பூதம் ஒரு அடி வைத்துவிடும். உத்தரவு கொடுக்கும் முறை அப்படியே இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

இதை ஏன் விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், "அந்தக் காலத்து ஆட்டம்" என்று அபிமானிகள் பெருமூச்சு விடுகிறார்களே, அந்தக் காலமே ஒரே மாதிரி இருந்ததில்லை. முதல் மூன்று பாகங்களில் முழு நிதானம். நாலிலிருந்து 2000-இல் வந்த ஒன்பது வரையில் கடிகாரம். 2001-இல் பத்தாம் பாகத்தில் மறுபடி முழு நிதானம். யாருக்குப் பின் யார் என்ற வரிசையைத் திரையின் ஓரத்திலேயே எழுதி வைத்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசி என்று விட்டுவிட்டார்கள். 'மாறாதது' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பல சமயம், நாம் உள்ளே நுழைந்த அன்று இருந்த நிலைமைதான்.

பூக்காரப் பெண்ணும் பத்தாம் நம்பரும்

1997 ஜனவரியில் ஏழாம் பாகம். அதுவரை நின்டெண்டோ இயந்திரத்தில் இருந்த கதை, ஸோனியின் பிளேஸ்டேஷனுக்குக் குடி மாறியது. மூன்று இசைத்தட்டு அளவு கொண்ட கதை. அதில் ஏரித் என்ற ஒரு பூக்காரப் பெண் வருகிறாள். முதல் தட்டு முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். கூடவே நடந்தவள், நாம் ஆயுதமும் ஆபரணமும் வாங்கிக் கொடுத்து வளர்த்தவள், திரும்பி வரவே இல்லை. அவளைப் பிழைக்க வைக்க ரகசிய வழி ஏதாவது இருக்காதா என்று உலகெங்கும் பிள்ளைகள் மாதக்கணக்கில் தேடினார்கள். வழி கிடையாது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது அந்தப் பாகம். ஜப்பானுக்கு வெளியே அநேகம் பேர் இந்தத் தொடரில் கால் வைத்தது அந்த வாசல் வழியாகத்தான்.

அபிமானிகளை விசாரித்தால், "எனக்கு ஆறுதான்", "எனக்கு ஏழுதான்", "பத்தாவதுக்கு ஈடு உண்டா?" என்று நம்பர் சொல்வார்கள். அநேகமாக அது அவர்களுக்குப் பதினாலு பதினைந்து வயசாக இருந்தபோது வந்த நம்பராக இருக்கும். பரீட்சை லீவு, மழைக் காலம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தம்பி தங்கை எல்லாம் சேர்ந்தது அந்த நம்பர். கம்பெனிக்காரர் எந்தப் பாகத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அதில் அந்த லீவைச் சேர்த்து விற்க முடியாது. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்!

ஓட்டம் ஆரம்பம்

பத்தாம் பாகத்துக்குப் பிறகு ஆட்டம் வேறு பாதையில் திரும்பியது. 2002-இல் பதினொன்று, பல தேசத்து ஜனங்கள் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் கூடி ஆடும் இணைய ஆட்டம். 2003-இல் ஸ்கொயரும் எனிக்ஸும் ஒரே கம்பெனியாக இணைந்தன. போட்டியாளர்கள் சம்பந்திகள் ஆனார்கள். அதே வருஷம் ஸகாகுச்சி கம்பெனியை விட்டு வெளியேறினார். 2001-இல் அவர் எடுத்த ஃபைனல் ஃபாண்டஸி ஸினிமா பெரு நஷ்டத்தில் முடிந்திருந்தது.

2006-இல் பன்னிரண்டு. சண்டைக்கென்று தனி மேடை போய், நடக்கிற வழியிலேயே சண்டை. கூட வருகிறவர்களுக்கு, "யாருக்காவது உடம்பு பாதிக்குக் கீழே போனால் மருந்து கொடு" என்பது போல முன்கூட்டியே உத்தரவு எழுதி வைத்துவிடலாம். வேலைக்குப் போகும் பெண்மணி காலையில் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டுப் போகும் சீட்டு மாதிரி. 2009-இல் பதின்மூன்று; படம் பிரமாதம், ஆனால் நெடுநேரம் ஒரே நடைபாதையில் நடக்க வைக்கிறார்கள் என்று குறை சொன்னார்கள். 2016-இல் பதினைந்து, நாலு வாலிபர்கள் மோட்டார் காரில் ஊர் சுற்றினார்கள், பொத்தானை அழுத்திக்கொண்டே கத்தி வீசவேண்டும். 2023 ஜூனில் பதினாறு. முழுக்க முழுக்க ஆக்ஷன். 'டெவில் மே க்ரை' என்ற வேகமான சண்டை ஆட்டத்தில் பழகிய ரியோட்டா ஸுஸுகி என்பவரை அழைத்து வந்து சண்டையை அமைக்கச் சொன்னார்கள். பழைய ஜாபிதாக் கட்டம் இல்லை. பூதத்துக்கு மரியாதை அடியோடு மறந்துவிட்டது!

ஏன் இப்படி? பதினாறாம் பாகத்தின் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லியிருக்கிறார். தாமும் உத்தரவு கொடுக்கும் ஆட்டத்தில் வளர்ந்தவர்தான். அதன் அருமை தமக்குத் தெரியும். ஆனால் பொத்தானை அழுத்தியதும் வீரன் வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்த தலைமுறைக்கு, நடுவில் ஒரு ஜாபிதாவைப் பார்த்து யோசிப்பதன் அர்த்தம் விளங்கவில்லை என்பது அவருடைய கட்சி. இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. அன்றைய வீரர்கள் கட்டைவிரல் அளவுப் பொம்மைகள். பொம்மைகள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராக வெட்டிக்கொண்டால் கண்ணை உறுத்தாது. இன்றைக்கு முகத்தில் வேர்வைத் துளி தெரிகிறது. வேர்வை வழிய வழிய ஒருவன் ரேஷன் கடை க்யூவில் நிற்பது போலத் தன் முறைக்காக நின்றால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நாற்பத்தெட்டு வயசுக் கை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1987-இல் பன்னிரண்டு வயசாக இருந்த ஒரு பையனுக்குப் பதினாறாம் பாகம் வந்தபோது நாற்பத்தெட்டு. ஆபீஸ் உண்டு, கடன் தவணை உண்டு, மூக்குக் கண்ணாடி உண்டு. இராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் அவருடையது. அந்த முக்கால் மணியில் அவர் தேடுவது பரபரப்பை அல்ல. அது பகல் முழுவதும் தாராளமாகக் கிடைக்கிறது. தன் முறை வரும், அதுவரை யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள் என்ற ஒரு நிம்மதியை. பெண்களில் இந்த ஆட்டக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு இது இரட்டிப்பு உண்மை. குழந்தை அழுதால் எழுந்து போய்விட்டு வரக்கூடிய ஆட்டம் எது, வரமுடியாத ஆட்டம் எது என்பது அவர்களுக்கு ருசி மட்டும் அல்ல, வசதி. விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கோ அது ஆடுவதா வேண்டாமா என்ற கேள்வியே.

ஆகவே அவருடைய வருத்தத்தை, "வயசாகிவிட்டது, அதனால் முணுமுணுக்கிறார்" என்று தள்ளிவிடுவது நியாயம் இல்லை. நிஜமாகவே ஒன்றை எடுத்துவிட்டார்கள். அதே சமயம், "இது ஃபைனல் ஃபாண்டஸியே அல்ல!" என்று அவர் கூச்சல் போடுவதும் நியாயம் இல்லை. வேஷம் மாற்றுவதையே குலதர்மமாகக் கொண்ட தொடர் இது. இன்றைக்குப் பதினாறாம் பாகத்தில் நுழையும் பெண்ணுக்கு அதுவே முதல் லீவு, முதல் மழைக் காலம். இருபது வருஷம் கழித்து அவளும், "பதினாறுக்கு ஈடு உண்டா?" என்று பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்கு இப்போதே இடம் விட்டு வைப்பது பெரியவர்களின் கடமை.

எது பிடித்திருந்தது?

இந்தத் தகராறில் எனக்குப் படுகிற நியாயம் ஒன்றுதான். ஒரு பெயரின் கீழே பல ருசிகள் கலந்திருக்கின்றன. கதை, யோசித்து ஆடும் சண்டை, தொழில் மாற்றும் வித்தை, இஷ்டப்படி ஊர் சுற்றல், சங்கீதம். எல்லாம் ஒன்றாக இருக்கிற வரையில் நமக்கு எதன்மேல் ஆசை என்று நமக்கே தெரிவதில்லை. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி; ஒரு நாள் போடாமல் விட்டால்தான் இத்தனை நாளும் ருசித்தது எது என்று தெரிகிறது. தொடர் மாறுவது அபிமானிக்கு நஷ்டம்தான். ஆனால் தன் ருசி இன்னதென்று அவர் கண்டுகொள்வதும் அப்போதுதான். கண்டுகொண்ட பிறகு பெயரின் பின்னால் ஓடவேண்டியதில்லை. ருசியின் பின்னால் போகலாம்.

சங்கீதத்தின்மேல் ஆசை கொண்டவர்களுக்குக் கவலையே இல்லை. 2007 முதல் 'டிஸ்டண்ட் வோர்ல்ட்ஸ்' என்ற பெயரில் பெரிய வாத்தியக் கோஷ்டிகள் இந்த மெட்டுக்களை ஊர் ஊராக வாசித்து வருகின்றன. பொத்தானையே தொடவேண்டாம்.

யோசித்து ஆடுவதுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஜப்பானில் அட்லஸ் கம்பெனியின் 'பெர்ஸோனா 5' 2016-இல் வந்தது. உத்தரவு ஜாபிதாவையே அலங்காரமாக்கிக் கண்ணைப் பறிக்கும்படி செய்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்து மோன்பெலியே நகரத்திலிருந்து ஒரு சின்னக் குழு 'க்ளேர் ஓப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பழைய ஜப்பானிய ஆட்டங்களின்மேல் கொண்ட காதலால் செய்தது. நம் முறையில் பூதம் காத்திருக்கும். பூதத்தின் முறையில் நாம் சட்டென்று பொத்தானை அழுத்தித் தப்பவேண்டும். பாதி நிதானம், பாதி ஓட்டம். மூன்றே நாளில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. "முறை வைத்து ஆடுவதை இக்காலத்தில் யார் வாங்குவார்கள்?" என்று கேட்டவர்களுக்கு இது ஒரு நல்ல பதில்.

சொந்த வீட்டிலும் கதவை முழுக்கச் சாத்திவிடவில்லை. ஏழாம் பாகத்தைப் புதுப்பித்து 2020-இல் வெளியிட்டபோது, 'கிளாஸிக்' என்று ஒரு வழி வைத்தார்கள். அதைத் தேர்ந்துகொண்டால் வீரன் தானே ஓடுவான், தானே தடுப்பான். நாம் உத்தரவு மட்டும் கொடுத்தால் போதும். பதினாறாம் பாகத்திலும் மந்திர மோதிரங்கள் உண்டு. ஒன்றைப் போட்டுக்கொண்டால் அடி விழுவதற்கு முன் காலம் மெதுவாகும், தப்பலாம். இன்னொன்றைப் போட்டுக்கொண்டால் ஒரே பொத்தானில் பெரிய வித்தையெல்லாம் வரும். இவற்றைப் போட்டுக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஆட்டக்காரர் சொல்லைக் கம்பெனி கேட்பதே இல்லை என்பதும் தப்பு. 2010-இல் வந்த பதினாலாம் பாகம், அதுவும் இணைய ஆட்டம், படுதோல்வி. கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். யோஷிடாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் பழைய உலகத்தை ஒட்டுப் போட்டுக்கொண்டு இருக்கவில்லை. 2012 நவம்பரில் அந்த உலகத்தின்மேல் ஒரு சந்திரனையே விழச் செய்து கதையோடு சேர்த்து முடித்துவிட்டு, 2013 ஆகஸ்டில் புது உலகமாகத் திறந்தார். இந்த முறை கூட்டம் வந்தது, தங்கியது.

தகப்பனாரின் கொலு

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஸகாகுச்சியின் பிற்காலத்துக் கதை. வீட்டை விட்டுப் போன தகப்பனார் என்ன செய்தார்? 2004-இல் 'மிஸ்ட்வாக்கர்' என்று சிறு கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். தாம் செய்த ஆறாம் பாகத்தை வெகு காலத்துக்குப் பிறகு எடுத்து ஆடிப் பார்த்தபோது, தமக்கு நிஜமாகப் பிடித்தது இதுதான் என்று மனசு சொல்லியிருக்கிறது. 2021-இல் 'ஃபாண்டஸியன்' வந்தது. முறை வைத்து ஆடும் ஆட்டம். அதன் ஊர்களையும் காடுகளையும் கம்ப்யூட்டரில் வரையவில்லை. கைவினைஞர்களைக் கொண்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு மாதிரி நிலங்களை, வீடு, மரம், பாலம் என்று நம்மவர்கள் நவராத்திரிக்குப் பார்க் கட்டுவது போல, கையாலேயே செய்யச் சொல்லிப் படம் பிடித்தார். சங்கீதம் பழைய சிநேகிதர் உயெமாட்சு. 2024 டிசம்பரில் அந்த ஆட்டம் செப்பனிட்ட பதிப்பாகப் பல இயந்திரங்களுக்கும் வந்தபோது வெளியிட்டது யார் தெரியுமா? அவர் விட்டுவிட்டு வந்த அதே ஸ்கொயர் எனிக்ஸ்!

இதில் இன்னொரு ஸ்வாரஸ்யம். பழைய வழியில் ஆட்டம் செய்த அதே 2021-ஆம் வருஷத்தில்தான் ஸகாகுச்சி பதினாலாம் பாகத்தை ஆட ஆரம்பித்தார். தாம் செய்யாத, தம் வழியில் இல்லாத, தம் குழந்தையின் பெயரைத் தாங்கிய ஆட்டம். பரம ரஸிகராகி அதிலேயே மூழ்கிவிட்டார். செய்வதற்கு ஒரு ருசி, ஆடுவதற்கு ஒரு ருசி. இரண்டுக்கும் நடுவில் சண்டை எதற்கு என்று அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு அபிமானிக்குப் பிறந்த நாளைக்கு இந்த ஆட்டம் ஒன்றை வாங்கித் தர எண்ணியிருந்தால், அட்டையில் உள்ள பெயரையும் பெரிய நம்பரையும் நம்பிக் கடையில் காசைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில், "உனக்குப் பிடித்தது எந்த நம்பர்?" என்று கேளுங்கள். பிறகு, "அதில் எது பிடித்தது?" என்று கேளுங்கள். பதில் வர ஒரு மணி நேரம் ஆகலாம். அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள், அவசரப்படுத்தாதீர்கள். இந்த ஒரு தடவையாவது, அவர் முறை வந்திருக்கிறது.